எக்ஸிக்யூட் என்றால் கொல்வதா, செய்து முடிப்பதா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆவணங்களை மொழிபெயர்க்கிறேன். மாலையில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். இரண்டு இடத்திலும் இந்த ஒரு சொல் வந்து ஆட்களை மிரட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் ஒரு பெரியவர், தான் விற்ற வீட்டுப் பத்திரத்தின் ஆங்கில நகலோடு வந்தார். "என்னம்மா, என் பேரைப் போட்டு எக்ஸிக்யூட்டட்னு எழுதியிருக்கே?" என்றார். கல்லூரியில் படிக்கும் பேரன் அகராதியைப் பார்த்து 'மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட' என்று பொருள் சொல்லியிருக்கிறான். அன்றைக்குத்தான் இந்தக் கேள்விகளைக் குறித்துவைக்க ஆரம்பித்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

மேடம், எக்ஸிக்யூட்னா கொல்றதுதானே?

கொல்வதும் உண்டு. ஆனால் அந்தச் சொல்லின் சொந்த வேலை 'நிறைவேற்று' என்பதுதான். கட்டளை, திட்டம், தீர்ப்பு, ஒப்பந்தம், உயில் என்று எது அதற்குப் பின்னால் வந்தாலும் 'அதைச் செய்து முடி' என்றே பொருள். பின்னால் ஓர் ஆள் வந்தால் மட்டும், அந்த ஆளுக்கு விதித்த மரண தண்டனையை நிறைவேற்று என்று ஆகிவிடும்.

ஆகவே முதலில் செயப்படுபொருளைப் பாருங்கள். காகிதமா, ஆளா? பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் கீழே உள்ள கேள்விகள்.

ஒரே சொல்லுக்கு ஏணி வைத்தாலும் எட்டாத ரெண்டு அர்த்தம் எப்படி வந்தது?

எட்டாத தூரம் இல்லை, பக்கத்துப் பக்கத்துப் படிதான். லத்தீனில் 'எக்ஸ்' என்ற முன்னொட்டு, 'பின்தொடர்' என்று பொருள்படும் 'செக்வி' என்ற வினையோடு சேர்ந்தது. கடைசிவரைக்கும் விடாமல் பின்தொடர்வது என்று பொருள். பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, சொன்னதைச் செய்து முடிப்பது என்ற பொருளோடுதான் வந்தது. நீதிமன்றம் சொன்னது மரணம் என்றால் அதைச் செய்து முடிப்பதற்கும் அதே சொல். முதலில் தண்டனையை எக்ஸிக்யூட் செய்தார்கள். போகப்போக நடுவில் இருந்த 'தண்டனை' நழுவிவிட்டது. 15ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் ஆளையே எக்ஸிக்யூட் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

தமிழில் அந்த நழுவல் நடக்கவே இல்லை. 'அவனுக்குத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது' என்கிறோம். 'அவனை நிறைவேற்றினார்கள்' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலம் தாண்டிப்போன படியில் தமிழ் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. மொழிபெயர்ப்பவளுக்கு இது பெரிய வசதி. எந்த வாக்கியத்திலும் 'நிறைவேற்று' என்று முதலில் வைத்துப் பார்ப்பேன். உட்கார்ந்துவிட்டால் சரி. முரண்டு பிடித்தால் அங்கே ஓர் ஆள் செத்திருக்கிறார் என்று அர்த்தம்.

கில், மர்டர், அசாசினேட், எக்ஸிக்யூட் எல்லாமே 'கொல்'தானே? கோடிட்ட இடத்தில் எதைப் போட்டாலும் மார்க் கிடைக்குமா?

கிடைக்காது. 'கில்' பொதுச்சொல். வெள்ளம் கொல்லும், பாம்பு கொல்லும், சிகரெட் கொல்லும், வேகமாக வந்த லாரி கொல்லும். நோக்கம் வேண்டியதில்லை, மனிதக் கை கூட வேண்டியதில்லை. 'மர்டர்' என்றால் ஒரு மனிதர் இன்னொரு மனிதரைச் சட்டத்துக்கு விரோதமாக, கொல்லும் நோக்கத்தோடு கொன்றிருக்க வேண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு இதற்குத்தான். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103 ஆகிவிட்டது. ஆனாலும் டீக்கடையில் இன்னும் 'முந்நூத்தி ரெண்டு கேஸ்'தான்.

'அசாசினேட்' என்பதில் செத்தவர் யார் என்பது முக்கியம். பொதுவாழ்வில் பெரிய இடத்தில் இருந்தவர், அதற்காகவே குறிவைத்துக் கொல்லப்பட்டவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது அசாசினேஷன். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்திக்கு நடந்ததும் அதுதான்.

'எக்ஸிக்யூட்' என்பதில் கொன்றவர் யார் என்பதுதான் முக்கியம். ஓர் அதிகாரம் தண்டனை விதித்து, அதன் பேரில் கொல்ல வேண்டும். வகுப்பில் நான் எழுதிப்போடும் ஒரே எடுத்துக்காட்டு இது: 1948 ஜனவரி 30 அன்று காந்தி அசாசினேட் செய்யப்பட்டார், 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் கோட்சே எக்ஸிக்யூட் செய்யப்பட்டார். இந்த இரண்டு சொல்லையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். காந்தி குற்றவாளி ஆகிவிடுவார், கோட்சே தலைவர் ஆகிவிடுவார்.

தூக்கில் போட்டால் மட்டும்தான் எக்ஸிக்யூட்டா?

முறை எதுவானாலும் அதே சொல்தான். தூக்கு, துப்பாக்கி, விஷ ஊசி, கோடாரி எதுவாகவும் இருக்கலாம். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸை 1649இல் தலையை வெட்டிக் கொன்றார்கள், அதுவும் எக்ஸிக்யூஷன்தான். இந்தியாவில் சாதாரண நீதிமன்றங்கள் விதிக்கும் மரண தண்டனை என்றால் தூக்குதான். ராணுவச் சட்டத்தில் மட்டும் சுட்டுக் கொல்லவும் இடம் இருக்கிறது.

முறையைச் சொல்ல 'பை', குற்றத்தைச் சொல்ல 'ஃபார்'. 'எக்ஸிக்யூட்டட் பை ஹேங்கிங்', 'எக்ஸிக்யூட்டட் ஃபார் ட்ரீசன்'. 'எக்ஸிக்யூட்டட் டு டெத்' என்று சிலர் எழுதுகிறார்கள். அடித்துக் கொல்லலாம், எக்ஸிக்யூட் செய்து கொல்ல முடியாது. சாவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தூக்கிலிட்டதுக்கு 'ஹங்' சரியா, 'ஹேங்டு' சரியா?

சுவரில் படம் மாட்டினால் 'ஹங்'. ஆளைத் தூக்கிலிட்டால் 'ஹேங்டு'. தேர்வில் இதை விடாமல் கேட்கிறார்கள்.

எப்படி உச்சரிக்கணும்? ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மாதிரி கேக்குது.

கேட்பது சரிதான், அழுத்தம் இடம் மாறுகிறது. எக்ஸிக்யூட்டில் அழுத்தம் முதல் அசையில், 'எக்'கில். எக்ஸிக்யூஷனில் அது 'க்யூ'வுக்கு நகர்ந்துவிடும். பதவியைக் குறிக்கும் சொல்லில் எழுத்து அதே மாதிரி இருந்தாலும் ஒலி 'இக்ஸெக்யூட்டிவ்', அழுத்தம் 'ஸெக்'கில், அந்த 'ஸ' கொஞ்சம் அதிர்ந்து ஒலிக்கும். உயில் விஷயத்தில் வரும் 'இக்ஸெக்யூட்டர்' என்பதும் இதே மாதிரிதான். நாம் பேசும்போது எல்லாவற்றையும் 'எக்ஸிக்' என்றே ஆரம்பிக்கிறோம். இந்தப் பக்கத்திலும் நம் வாய்வழக்கப்படியே எழுதியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

எக்ஸிக்யூட்டர், எக்ஸிக்யூஷனர்... ரெண்டும் ஒண்ணுதானே?

ஒருவர் செத்தவரின் விருப்பத்தை நிறைவேற்றுபவர். மற்றவர் ஆளைச் சாகடிப்பவர். எக்ஸிக்யூட்டர் என்றால் உயிலை நிறைவேற்ற, உயில் எழுதியவரே பெயர் குறிப்பிட்டு நியமித்த ஆள். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் இதற்கு வரையறையே இருக்கிறது. கடனை அடைத்து, சொத்தைப் பிரித்துக்கொடுத்து, மூத்த மருமகளிடம் ஏச்சு வாங்குவது வரை அவர் வேலை. (கடைசியது சட்டத்தில் இல்லை, அலுவலகத்தில் பார்த்தது.) எக்ஸிக்யூஷனர் என்றால் தூக்குப் போடுபவர், தலை வெட்டுபவர். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'அலுகோசு' என்று ஒரு சொல் பார்த்திருப்பீர்கள், அது இவர்தான். போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். பதவி இன்னும் இருக்கிறது, 1976க்குப் பிறகு அங்கே வேலைதான் இல்லை.

என் மாணவன் ஒருவன் வேலைக்கு அனுப்பிய விண்ணப்பத்தில், திட்டங்களைத் திறம்பட முடிப்பவன் என்று சொல்ல நினைத்து, 'ஐ ஆம் எ குட் எக்ஸிக்யூஷனர்' என்று எழுதிவிட்டான். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஆளைப் பார்க்கும் ஆசையில்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அப்போ எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர், பேரூராட்சி ஈ.ஓ., சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் இவங்க எல்லாம் யாரைக் கொல்றாங்க?

இதைக் கேட்காத வகுப்பே கிடையாது. இவர்கள் எல்லாம் முதல் பொருளின் வாரிசுகள். ஒருவர் முடிவெடுக்கிறார், அதைக் களத்தில் செய்து முடிப்பவர் எக்ஸிக்யூட்டிவ். தமிழ்நாட்டு அரசு இதைச் 'செயல்' என்று பிடித்துக்கொண்டது. செயற்பொறியாளர், செயல் அலுவலர் எல்லாம் அப்படி வந்தவர்கள். இலங்கையில் நேரே 'நிறைவேற்று' என்றே எடுத்துக்கொண்டார்கள். 1978 அரசியலமைப்பு உருவாக்கிய பதவியை 'நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி' என்பார்கள். வேர்ச்சொல்லுக்கு அதுதான் நெருக்கம் என்று எனக்குத் தோன்றும்.

பத்திரத்தில் என் பெயரைப் போட்டு 'எக்ஸிக்யூட்டட்' என்று இருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

முன்னுரையில் வந்த பெரியவருடைய கேள்வி. 'எக்ஸிக்யூட்டட் பை' இன்னார் என்றால், இந்தப் பத்திரத்தை இன்னார் எழுதிக்கொடுத்தார் என்று பொருள். நம் பத்திர எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாக 'எழுதிக்கொடுப்பவர்', 'எழுதி வாங்குபவர்' என்று சொல்கிறார்களே, அந்த எழுதிக்கொடுப்பவருக்கு ஆங்கிலத்தில் எக்ஸிக்யூட்டன்ட். வில்லங்கச் சான்றை எடுத்துப் பாருங்கள், இரண்டு பெயருக்கும் தனித்தனிப் பத்தி இருக்கும். அகராதி தேடிய பேரன் அதில் தமிழைப் பார்த்திருந்தால் தாத்தாவுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

கையெழுத்துப் போட்டு ஆவணத்துக்கு உயிர் கொடுக்கும் அந்தச் செயல்தான் எக்ஸிக்யூஷன். பதிவு செய்வது அதற்கு அடுத்த கட்டம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு நாளைத் தவறவிடுபவர்கள் இருக்கிறார்கள். பதிவுச் சட்டப்படி, பொதுவாக எழுதிக்கொடுத்த நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கணக்கு தொடங்குவது எக்ஸிக்யூஷன் தேதியிலிருந்து. உயிலுக்கு அந்தக் கெடு இல்லை. ஆனால் அது முறையாக எக்ஸிக்யூட் ஆக, குறைந்தது 2 சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

ஒரு கிளைச் சங்கதி: ஒப்பந்தச் சட்டம் படிப்பவர்கள் 'எக்ஸிக்யூட்டட் கான்ட்ராக்ட்' என்பதை இரு தரப்பும் தம் கடமையைச் செய்து முடித்த ஒப்பந்தம் என்று படிப்பார்கள். இன்னும் செய்ய வேண்டியது பாக்கி இருந்தால் 'எக்ஸிக்யூட்டரி'. கம்பெனிக்காரர்கள் மின்னஞ்சலில் 'எக்ஸிக்யூட்டட் காப்பி அனுப்புங்கள்' என்றால் எல்லாரும் கையெழுத்துப் போட்ட நகல் என்று மட்டும் அர்த்தம். எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் 'எதிர்த்தரப்பு ஈ.பி. போட்டிருக்காங்க'ன்னு சொல்றார். கரண்ட் ஆபீஸ் விவகாரமா?

தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து, அதனால் வரும் வினை. இது எக்ஸிக்யூஷன் பெட்டிஷன், நிறைவேற்று மனு. சிவில் வழக்கில் தீர்ப்பாணை கையில் கிடைத்துவிட்டால் மட்டும் பணமோ வீடோ கைக்கு வந்துவிடாது. தோற்றவர் தானாகக் கொடுக்காவிட்டால், அதை நிறைவேற்றித் தரும்படி மறுபடி நீதிமன்றத்திடம் போக வேண்டும். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 21 முழுக்க இதுதான். நிறைவேற்றக் கேட்பதற்குப் பொதுவாக 12 ஆண்டு அவகாசம். சொத்தை ஜப்தி செய்யலாம், ஏலம் விடலாம், வீட்டைக் காலி செய்யவைக்கலாம். சில நேரம் ஆளைச் சிவில் சிறையிலும் வைக்கலாம். உயிரை மட்டும் எடுக்க முடியாது, பயப்பட வேண்டாம். ஆனால் அலட்சியமும் வேண்டாம். ஈ.பி. வரைக்கும் வந்துவிட்டால் வழக்கு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது.

'ஸ்டே ஆஃப் எக்ஸிக்யூஷன்' கிடைச்சிருக்குன்னு மெசேஜ் வந்தது. யாருக்குத் தூக்கு?

மேலே ஈ.பி. பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு வாருங்கள். உங்கள் வழக்கு வாடகை வழக்கு என்றால், காலி செய்யும் உத்தரவை நிறைவேற்ற இடைக்காலத் தடை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். மரண தண்டனைக் கைதிக்கு உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தாலும் இதே மூன்று சொல்தான் செய்தியில் வரும். இதில் ஆங்கிலத்தைக் குறை சொல்ல முடியாது, இரண்டு இடத்திலும் தடைப்படுவது நிறைவேற்றம்தான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 'ஸ்டே' என்றால் தள்ளிவைப்பு. 'கம்யூட்' என்றால் தண்டனையையே குறைத்து மாற்றுவது, தூக்கை ஆயுளாக்குவது போல. செய்தித்தாள் தலைப்பில் இரண்டையும் ஒன்றாக வாசித்துவிடாதீர்கள்.

போலீஸ்காரர் 'வாரண்ட் எக்ஸிக்யூட் பண்ணியாச்சு'ன்னார். ஆள் இருக்கானா?

இருக்கிறார், ஸ்டேஷனில் இருக்கிறார். பிடியாணையை நிறைவேற்றிவிட்டார்கள், அதாவது ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

கரண்ட் அடிச்சதை 'எலெக்ட்ரோக்யூட்டட்'னு சொல்லலாமா? அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

ரத்த சம்பந்தமே உண்டு. எலெக்ட்ரோவையும் எக்ஸிக்யூட்டின் வாலையும் வெட்டி ஒட்டிய சொல் அது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் தூக்குமேடைக்குப் பதிலாக மின்நாற்காலியைக் கொண்டுவந்தபோது, 1889 வாக்கில், புதிய தண்டனைக்கு ஒரு புதிய சொல் தேவைப்பட்டது. பல சொற்கள் போட்டி போட்டன, இது நின்றது. 1890 ஆகஸ்ட் 6 அன்று ஆபர்ன் சிறையில் வில்லியம் கெம்லர் என்பவர்தான் முதன்முதலில் அந்த நாற்காலியில் உட்கார்த்தப்பட்டவர்.

அப்புறம் சொல் சிறைக்கு வெளியே வந்துவிட்டது. வயலில் அறுந்து கிடந்த கம்பியை மிதித்து இறந்த விவசாயி, திருட்டு மின்வேலியில் சிக்கி இறந்த யானை எல்லோருக்கும் இன்றைக்கு ஆங்கிலப் பத்திரிகைகள் போடுவது இதைத்தான். யாரும் அவர்களுக்குத் தண்டனை விதிக்கவில்லை, ஆனால் தண்டனையின் பெயர் ஒட்டிக்கொண்டது. மேலே சொன்ன நழுவலுக்கு நேர் எதிர்ப் பயணம் இது. அங்கே ஒரு பொதுச்சொல் தூக்குமேடைக்குப் போனது, இங்கே தண்டனைச் சொல் தெருவுக்கு வந்தது.

சுவிட்சைத் தொட்டு விர்ரென்று இழுத்துவிட்டு, மறுநாள் வகுப்புக்கு வந்து 'ஐ வாஸ் எலெக்ட்ரோக்யூட்டட் எஸ்டர்டே' என்று சொல்லாதீர்கள். காயத்துக்கும் இந்தச் சொல் ஆகும் என்று ஒப்புக்கொள்ளும் அகராதிகள் இப்போது வந்துவிட்டன. இருந்தாலும் பழைய வாத்தியார்கள் காதில் அது பேய் பேசுவது போலத்தான் கேட்கும். 'ஐ காட் எ ஷாக்' போதும்.

கம்ப்யூட்டரில் புரோகிராம் எக்ஸிக்யூட் ஆச்சுன்னா செத்துப்போச்சா, ஓடுதா?

ஓடுகிறது. கோப்புப் பெயரின் கடைசியில் 'இ-எக்ஸ்-இ' என்று வருவதும் இதன் சுருக்கம்தான். ஓடுவதை நிறுத்த லினக்ஸில் 'கில்' என்று ஒரு கட்டளை உண்டு. ஆக கணினிக்குள் எக்ஸிக்யூட் உயிர் கொடுக்கிறது, கில் எடுக்கிறது. அங்கே மட்டும் இரண்டும் எதிர்ச்சொற்கள்.

தோத்த பிறகு கேப்டன்கள் 'எக்ஸிக்யூஷன் சரியில்லை'ங்கறாங்களே?

யார்க்கர் போட நினைத்தது திட்டம், ஃபுல்டாஸ் ஆகிப் போனது எக்ஸிக்யூஷன். நடனத்திலும் சங்கீதத்திலும் கூட ஒரு கோர்வையை எவ்வளவு சுத்தமாக முடித்தார் என்பதற்கு இந்தச் சொல் வரும்.

'ஹீ பிளான்டு அண்ட் எக்ஸிக்யூட்டட் தி மர்டர்'. இதில் எக்ஸிக்யூட் என்பது கொலையைத்தானே சொல்கிறது?

இங்கேதான் நல்ல மாணவர்களே சறுக்குகிறார்கள். வாக்கியத்தில் சாவு இருக்கிறது, ஆனால் அது 'மர்டர்' என்ற சொல்லில் இருக்கிறது. எக்ஸிக்யூட்டுக்குப் பின்னால் வருவது ஆள் இல்லை, ஒரு செயல். திட்டமிட்டு நிறைவேற்றினான் என்று பொருள். அதே இடத்தில் 'வங்கிக் கொள்ளை' என்று மாற்றிப் போட்டாலும் எக்ஸிக்யூட் அசையாமல் நிற்கும்.

'ஹீ எக்ஸிக்யூட்டட் ஹிஸ் வைஃப்' என்று எழுதினால் கதை வேறு. மனைவியைக் கொன்றான் என்று சொல்ல வந்தவர், தெரியாமல் அவனுக்கு நீதிபதி ஸ்தானம் கொடுத்துவிடுகிறார். அங்கே 'மர்டர்டு'தான்.

பணயக்கைதிகளைத் தீவிரவாதிகள் கொன்றால் 'எக்ஸிக்யூட்டட்' என்று சில செய்திகளில் வருகிறதே? அவர்களுக்கு என்ன அதிகாரம்?

அதிகாரம் இல்லை என்பதால்தான் பல செய்தி நிறுவனங்கள் அந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொல்கின்றன. நீதிமன்றத் தீர்ப்பின்படியோ ராணுவக் கட்டளையின்படியோ நடந்தால்தான் எக்ஸிக்யூட் என்று அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக்கையேட்டில் வரையறுத்திருக்கிறது. கொன்றவர்கள் தங்களை ஒரு நீதிமன்றமாகக் காட்டிக்கொள்ளத்தான் கேமரா வைத்து, காகிதத்தில் எழுதியதை வாசித்து, மண்டிபோடவைத்துக் கொல்கிறார்கள். 'எக்ஸிக்யூட்டட்' என்று தலைப்புப் போடும் நிருபர் அந்த நாடகத்துக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார் என்பது என் கருத்து. 'கில்டு' என்றோ 'மர்டர்டு' என்றோ எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

பின்தலையில் சுட்ட கொலைகளை 'எக்ஸிக்யூஷன் ஸ்டைல்' என்று எழுதும் வழக்கமும் இருக்கிறது. அது எப்படிச் சுட்டார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்வதில்லை, படிப்பவரை மிரட்ட மட்டும் உதவுகிறது.

அப்படியென்றால் போலி என்கவுன்ட்டரை 'எக்ஸ்ட்ராஜுடிஷியல் எக்ஸிக்யூஷன்' என்று சொல்வது முரண் இல்லையா? தீர்ப்பே இல்லையே?

நல்ல கிடுக்கிப்பிடி. முரண் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபை 1982 முதல் இத்தகைய கொலைகளுக்கென்றே ஒரு சிறப்பு அறிக்கையாளரை வைத்திருக்கிறது, 1992 முதல் அவருடைய பதவிப் பெயரிலேயே 'எக்ஸ்ட்ராஜுடிஷியல்' இருக்கிறது. கொன்றது அரசின் கை, அதனால் 'எக்ஸிக்யூஷன்'. நீதிமன்றம் வழியாக வரவில்லை, அதனால் 'எக்ஸ்ட்ராஜுடிஷியல்', நீதிமன்றத்துக்கு வெளியே. முன்சொல், பின்சொல்லைப் பிடித்து இழுக்கிறது.

முந்தைய கேள்வியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தீவிரவாதிகளைப் பற்றி எழுதும்போது இல்லாத மதிப்பை அந்தச் சொல் கொடுத்துவிடுகிறது. இங்கே, தண்டிக்கும் அதிகாரம் உள்ள அரசே வாசல் வழியாக வராமல் கொல்லை வழியாக வந்துவிட்டது என்று குற்றம் சாட்டுகிறது.

கட்டபொம்மனை 'எக்ஸிக்யூட்டட்' என்று எழுதினால் வெள்ளைக்காரனை நியாயப்படுத்தியதாக ஆகாதா?

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில், மற்ற பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மன் விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தி, தண்டனை அறிவித்துத் தூக்கிலிட்டான். உருவத்தில் அது எக்ஸிக்யூஷன். அந்தச் சொல் 'ஓர் அதிகாரம் தண்டனை விதித்துக் கொன்றது' என்று மட்டும்தான் சொல்கிறது. அந்த அதிகாரம் எப்படி வந்தது, நியாயமா என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மேலே வந்த முதலாம் சார்லஸ் விஷயத்திலும் இதே சண்டை உண்டு. வரலாற்று நூல்கள் எக்ஸிக்யூஷன் என்கின்றன, அன்றைய ராஜ விசுவாசிகளுக்கு அது கொலை, அவர் தியாகி.

தீவிரவாதிகளுக்கு மட்டும் ஏன் மறுக்கிறாய் என்று கேட்பீர்கள். கம்பெனி, பிடித்த மண்ணில் உண்மையிலேயே ஆட்சி நடத்திக்கொண்டிருந்தது, தண்டனை என்ற இயந்திரம் அதன் கையில் இருந்தது. கோடு அங்கேயும் மெல்லியதுதான், ஒத்துக்கொள்கிறேன். மனம் ஒப்பாவிட்டால் 'ஹேங்டு' என்று எழுதுங்கள். நடந்ததைச் சொல்லும், யார் பக்கமும் சாயாது. மருது சகோதரர்களைப் பற்றியும் பகத் சிங்கைப் பற்றியும் எழுதும்போது நான் அதைத்தான் போடுகிறேன்.

கோவலன்? எக்ஸிக்யூட்டடா, மர்டர்டா?

போன வருடம் ஒரு மாணவி கேட்டாள். வகுப்பு ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு போனது. பாண்டியன் 'கொன்று அந்தச் சிலம்பைக் கொண்டு வா' என்று காவலருக்குச் சொல்லிவிட்டான். அந்த ஊரில் அரசன்தான் நீதிமன்றம், ஆகவே எக்ஸிக்யூட்டட் என்றது ஒரு கட்சி. விசாரணை இல்லை, பொற்கொல்லன் பேச்சு ஒன்றுதான் சாட்சி, வெட்டியவனோ காவலரில் ஒரு கல்லாக் களிமகன் (அறிவில்லாத குடிகாரன்), ஆகவே மர்டர்டு என்றது இன்னொரு கட்சி.

நான் வழக்குரை காதையைத் திறந்து காட்டினேன். கண்ணகி வந்து நிற்கும்போது, கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல, அதுதான் அரச முறை என்று பாண்டியன் பதில் சொல்கிறான். எக்ஸிக்யூட் என்ற சொல்லின் முழு வாதமும் அந்தப் பதிலில் இருக்கிறது. அப்புறம் சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, 'யானோ அரசன், யானே கள்வன்' என்கிறான். அதிகாரத்தை அவனே கீழே வைத்துவிட்டான். இதற்கு ஆங்கிலத்தில் 'ஜுடிஷியல் மர்டர்' என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது, நீதியின் பெயரால் நடந்த கொலை என்று. கேட்ட மாணவிக்கு அது பிடிக்கவில்லை. அரசன் பேசும் வரைக்கும் ஒரு சொல், பேசிய பிறகு இன்னொரு சொல் என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் திருத்தவில்லை.